நாலு மணிக்குப் புல்லாங்குழல்

எங்கள் வானொலியை மூடப்போகிறார்கள் என்ற செய்தியைத் தமிழ்ச் சங்கத் தலைவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பராமரிப்பது என் வேலை. அன்று ஒஸ்லோவின் பியோர்ண்டாலில் ஒரு நோர்வேஜியப் பெரியவருக்கு அந்த வாரத்து மருந்துக் குளிசைகளைப் பெட்டியில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வானொலியை ஒருத்தரும் கேட்பதில்லை, எல்லாருடைய கையிலும் கைபேசி இருக்கிறது, பாட்டு வேண்டுமென்றால் அதிலேயே வருகிறது, அடுத்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்று நிர்வாகக் குழு ஒருமனதாக நினைக்கிறது என்றார். குழுவில் ஏழு பேர். பொங்கல் விழாச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காயா வாழைக்காயா என்று மூன்று கூட்டம் வைத்தவர்கள். வானொலியை மூடுவதற்கு மட்டும் அவர்களுக்கு ஒருமனம் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று வீட்டிலும் சொல்வார்கள், வேலையிலும் சொல்வார்கள். உண்மைதான். ஆனாலும் அன்று முதலில் குளிசைகளைச் சரியாகப் போட்டு முடித்தேன். பெரியவருக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தேன். பிறகு படி இறங்கி வந்து, காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு தலைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதைக் கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை.

வானொலி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஹொல்ம்லியாவில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் இரண்டு அறைகள். ஒன்றில் ஒலிவாங்கி, மற்றதில் கணினியும் தொலைபேசியும், நடுவில் ஒரு கண்ணாடி. நாட்டின் பெரிய வானொலிகள் எல்லாம் பழைய பண்பலையை விட்டு டிஜிட்டல் முறைக்குப் போய்விட்டன. எங்களைப் போன்ற சின்ன உள்ளூர் வானொலிகள்தான் இன்னும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த அலைவரிசையையும் பல மொழிக்காரர்கள் பங்குபோட்டுக்கொள்கிறோம். எங்கள் பங்கு சனிக்கிழமை இரண்டு மணித்தியாலம். செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, மரண அறிவித்தல் மூன்றையும் இருபத்திரண்டு வருடங்களாக நான்தான் வாசிக்கிறேன். சம்பளம் கிடையாது. குடிக்கிற தேநீரையும் வீட்டிலிருந்து நானேதான் கொண்டுபோவேன்.

மரண அறிவித்தலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சனத்தில் ஒருவர் இறந்தால் அது வானொலியில் வந்தாக வேண்டும். எந்த ஊரைப் பிறப்பிடமாகவும் எந்த ஊரை வதிவிடமாகவும் கொண்டவர், யாருடைய மகன், யாருடைய மருமகன், கனடாவில் யாருக்கு மைத்துனர், பிரான்ஸில் யாருக்குச் சித்தப்பா என்று எல்லாம் வரிசையாக வரும். ஒரு பெயர் விடுபட்டால் அந்தக் குடும்பம் பத்து வருடத்துக்கு என்னோடு கதைக்காது. வாசிப்பதற்கு முன் ஒரு நிமிடம் புல்லாங்குழல் போடுவோம். ஆரம்பத்தில் யாரோ பதிந்து தந்த தனிக் குழல். இத்தனை வருடமும் அதே குழல்தான். அந்தச் சத்தம் கேட்டால் ஒஸ்லோவின் தமிழ் வீடுகளில் தண்ணீர்க் குழாயை மூடுவார்கள், பிள்ளைகளை அதட்டி இருத்துவார்கள், பிறகு யார் என்று காதைக் கொடுப்பார்கள்.

என் அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தது சண்டைக் காலத்தில். பாதை பூட்டிக் கிடந்தது, போக வழியில்லை. அவருடைய அறிவித்தலையும் நான்தான் வாசித்தேன். பிள்ளைகளின் பெயர் வருகிற இடத்தில் என் பெயரையும் நானே வாசித்தேன். குரல் உடையவில்லை. அதற்கு முன் குழல் ஒலித்த அந்த ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். அப்பாவின் செத்தவீட்டில் எனக்குக் கிடைத்த பங்கு அந்த ஒரு நிமிடம்தான். அந்த ஒலிவாங்கியைத்தான், ஒருத்தரும் கேட்பதில்லை என்று ஒருவர் குளிசைக்கு நடுவில் என்னிடம் சொல்கிறார்.

அந்தக் கிழமைகளில் ஒரு பழைய தாளை என் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். மோர்டென்ஸ்ருட்டில் நாங்கள் இருக்கிற இடத்துப் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளின் வாத்தியக் குழுவுக்காகப் பழைய சாமான் விற்பனை நடக்கும். அங்கே ஒரு மரப்பெட்டி வானொலியை வாங்கினேன். பாடாத வானொலியை எதற்குத் தூக்கிக்கொண்டு வருகிறாய் என்று என் மனுசன் கேட்டார். பாடுவதற்கு நான் இருக்கிறேன்தானே என்றேன். அதன் பின்பலகை ஆடாமல் இருக்க யாரோ ஒரு தாளை மடித்துச் செருகியிருந்தார்கள். விரித்துப் பார்த்தால் இங்கிலாந்தின் தேசிய வானொலியில் ஒரு புதன்கிழமை முழுவதும் என்னென்ன வரும் என்று அச்சடித்த நிகழ்ச்சி நிரல். வருடம் இருந்த மூலை கிழிந்துபோயிருந்தது. பங்கீட்டில் கிடைக்கிற ஒரு முட்டையை வைத்துக் குடும்பத்துக்கே என்ன சமைக்கலாம் என்று ஒரு பேச்சு அதில் இருந்தது. அதை வைத்து இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குள் வந்த தாள் என்று பிடித்துக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமையை நான் எத்தனை தரம் வாசித்திருப்பேன் என்று தெரியாது. விடியப் பிரார்த்தனை, உடனேயே உடற்பயிற்சி. வானொலியில் யாரோ கையைத் தூக்கு, காலை நீட்டு என்று சொல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு தேசம் தன் வீட்டுக் கம்பளத்தில் நின்று காலை நீட்டியிருக்கிறது. பண்ணைக்காரருக்குப் பன்றிக் காய்ச்சல் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். ஆலைகளில் நிற்பவர்களுக்குக் காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை இடைவிடாத இசை. வகுப்பறைகளுக்குப் பாடம். மத்தியானத்துக்குப் பிறகு ஒரு நாடகம், ஐந்து மணிக்குச் சிறுவர் நேரம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குக் கடலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் காற்று நிலவரம். இரவில் ஒரு பேராசிரியர் மனச்சாட்சி என்றால் என்ன என்று அரை மணித்தியாலம் பேசுகிறார். இவற்றுக்கு நடுவில் அங்கங்கே ‘இடைவேளை இசை’ என்று ஒரு வரி. ஒன்று முடிந்து மற்றது தொடங்கும்வரை மூச்சு விடுவதற்கு.

அந்தத் தேசம் எங்கள் ஊரை ஆண்டுவிட்டுப் போன விதத்தில் எனக்கு ஒரு மரியாதையும் இல்லை. ஆனால் இந்தத் தாளில் அவர்கள் செய்தது சரி. விடிய எழும்புகிறவன், ஆலையில் நிற்கிறவள், படிக்கிற பிள்ளை, கடலுக்குப் போகிறவன், நித்திரை வராதவன் என்று எல்லாரையும் ஒரு நாளுக்குள் ஒருமுறையாவது நினைத்திருக்கிறார்கள். இவர்கள் நினைத்த பிறகுதான் அந்தச் சனமும் கேட்டது. நாங்கள் என்ன செய்தோம்? பழைய சினிமாப் பாட்டுப் போட்டோம், நகைக்கடை விளம்பரம் போட்டோம், செத்தவர்களை அறிவித்தோம். பிறகு சனம் கேட்கவில்லை என்று சனத்தைக் குறை சொல்கிறோம்.

எங்கள் சனம் கேட்காத சனம் என்று யார் சொன்னது? பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பற்றரி இல்லை, மின்சாரம் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவில் வயரைப் பூட்டி, பெடலைக் கையால் சுற்றி லண்டனிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைக் கேட்டோம். எங்கள் வீட்டில் சுற்றுவது நான். கை உளைந்து நான் மெதுவாகச் சுற்றினால் செய்தி வாசிப்பவரின் குரல் அமுங்கும். சுற்றடி, சுற்றடி என்று முற்றத்தில் இருந்த அயலெல்லாம் கத்தும். ஒரு செய்தியைக் கேட்பதற்கு வியர்வை சிந்தியவர்கள் நாங்கள்.

நான் தலைவருக்குத் தொலைபேசி எடுத்து, மூடுகிறதென்றால் மூடுங்கள், ஆனால் கடைசிச் சனிக்கிழமையை முழு நாளாக எனக்குத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சச்சரவில்லாமல் எல்லாம் முடியவேண்டும் என்று நினைக்கிறவர். கடைசிதானே தங்கச்சி, விரும்பினபடி செய்யுங்கோ என்று மனம் இளகிச் சொன்னார். கூட்டம் அதற்கு அடுத்த வியாழக்கிழமை, அன்றைக்கு ஸ்ரூடியோப் பூட்டின் திறப்பைக் கொண்டுவந்து தந்துவிட வேண்டும் என்பதையும் மறக்காமல் சேர்த்துக்கொண்டார்.

மற்ற மொழிக்காரர்களிடம் அந்த ஒரு நாளைக்கு மட்டும் நேரத்தைக் கேட்டு வாங்கினேன். சோமாலியர்கள் உடனே தந்தார்கள். காலைப் பிரசங்கம் செய்கிற நோர்வேஜியப் பாதிரியார் ஒரு தட்டம் உளுந்து வடைக்கு இறங்கிவந்தார். கணினிப் பக்கத்தைப் பார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. ஹொல்ம்லியாவில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கணினி வேலைக்காக வந்து நாலு வருடம், குழந்தை ஒன்று, எதற்கும் சிரிக்கிற முகம். நான் ‘கதைக்கிறது’ என்றால் அவளுக்குக் கதை சொல்வது. அவள் ‘பேசுறது’ என்றால் எனக்கு ஏசுவது. அப்படியிருந்தும் எங்களுக்குள் ஒரு குறையும் வந்ததில்லை. கூப்பிட்டவுடன் வந்தாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். பிரார்த்தனைக்குப் பதிலாக, முதல் பேருந்தை ஓட்டுகிற ஒருவர் அந்த நேரத்து வீதி எப்படி இருக்கும் என்று பேசினார். உடற்பயிற்சிக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள் மணிக்கட்டு நோகாமல் நிலம் துடைக்கிற துணியை எப்படிப் பிழிவது, வாளியை எப்படித் தூக்குவது என்று சொல்லிக் கொடுத்தாள். பண்ணைக்காரருக்குப் பதில் பல்கனித் தோட்டக்காரர். கறிவேப்பிலைச் செடியை எந்த மாதம் உள்ளே எடுக்கவேண்டும் என்று நானே வாசித்தேன். ஒன்பதரைக்குச் சமையற்கூடங்களிலும் ஹோட்டல் அறைகளிலும் நிற்பவர்களுக்காக வேகமான பாட்டு மட்டும் அரை மணித்தியாலம். சோகப் பாட்டுக்கு அங்கே இடமில்லை, கை மெதுவாகிவிடும். இங்கேயே பிறந்த ஒரு ஆசிரியை எட்டாம் வகுப்பு விஞ்ஞானத்தைத் தமிழில் தாய்தகப்பனுக்குச் சொன்னாள். நடுநடுவே நோர்வேஜியச் சொல் வந்து விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். கடல் நிலவரமும் வாசித்தேன். ஒஸ்லோக் குடாவில் காற்று எப்படி, பருத்தித்துறைக் கடலில் அலை எப்படி என்று இரண்டையும். இங்கே யார் அதைக் கேட்டார்கள் என்று ஒருவர் கேட்கலாம். அங்கே கடலுக்குப் போகிற தம்பி உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

ஒவ்வொரு நிகழ்ச்சி முடிவிலும் ஸ்ரூடியோ இலக்கத்தைச் சொல்லி, அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். தொலைபேசி அசையவில்லை. பத்து மணிக்கு ஒருமுறை அடித்தது. நான் பாய்ந்து எடுத்தேன். கோயம்புத்தூர்க்காரியின் புருசன், தோசை மாவு எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

மத்தியானம் வந்தது, ஒன்று, இரண்டு, மூன்று. தொலைபேசி அடிக்கவில்லை. தலைவர் சொன்னது சரியோ என்று நினைத்தேன். சரியாக இருந்தால் இருபத்திரண்டு வருடமும் ஒரு கண்ணாடிக்கு முன்னால் இருந்து எனக்கு நானே வாசித்திருக்கிறேன். அப்பாவின் பெயரையும் அப்படித்தான் வாசித்திருக்கிறேன். அந்த எண்ணம் வந்தபோது எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து செய்தியை வழமையை விட உரத்து வாசித்தேன்.

நாலு மணிக்கு நாடகம். நடிக்கிற மூன்று பேரும் நகரத்திலிருந்து வரவேண்டும். தண்டவாள வேலையால் அன்று ரயில் இல்லை, பதிலுக்குப் பேருந்து. நாலு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போதும் அவர்களைக் காணவில்லை. நிலவறையில் என் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. மேலே போய் விசாரிக்க வேண்டும். தாளில் இருந்த ‘இடைவேளை இசை’ ஞாபகம் வந்தது. பாட்டு வேண்டாம், சொல்லில்லாத வாத்தியம் ஏதாவது போடும் பிள்ளை, வாறன் என்று சொல்லிவிட்டு மேலே ஓடினேன். எங்கள் கணினியில் சினிமாப் பாட்டுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சொல்லில்லாத வாத்தியம் என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது எனக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை.

நடிகர்கள் பேருந்துக்குள் இருந்தார்கள், இன்னும் இரண்டு தரிப்பு என்றார்கள். நான் நிலவறைப் படியில் இறங்கும்போது குழல் கேட்டது. செத்தது யாராம் என்று நானே நினைத்துக்கொண்டு இறங்கினேன். கடைசிப் படியில்தான் விளங்கியது.

அவள் அந்த ஒரு நிமிடக் குழலை முடிய முடியத் திரும்ப ஓடும்படி விட்டிருந்தாள். ஆறாவது முறை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சாவுக்கு ஒரு நிமிடம் என்று பழகிய சனத்துக்கு ஆறு நிமிடம். தொலைபேசி அலறிக்கொண்டிருந்தது. அவள் எடுத்து வைக்க மறுபடியும் அலறியது. முகமெல்லாம் வெளிறிப்போயிருந்தது.

“அக்கா, எல்லாரும் ‘ஆரு, ஆரு’ன்னு கேக்கறாங்க. யாரைக் கேக்கறாங்கன்னே தெரியலக்கா. மியூசிக் நல்லாத்தானே இருக்கு?”

குழலை நிறுத்திவிட்டு வாழ்த்துப் பாட்டு ஒன்றை ஓடவிட்டேன். பிறகு தொலைபேசியை எடுத்தேன். பியோர்ண்டாலில் ஒரு பெண் இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். ஒரு டாக்சிக்காரர் வீதியோரம் நிறுத்திவிட்டு எடுத்தார், பின்னால் இருந்த பயணி ஏதோ நோர்வேஜியத்தில் முறைப்பாடு செய்வது கேட்டது. ஒருவர் மூத்த அத்தானோ என்றார், இன்னொருவர் கனடாவில் இருக்கிற பெரியம்மாவோ என்றார். ஒரு பெண்ணின் புருசன் ஆஸ்பத்திரியில். அவள் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தே, அவருக்கு நேர்ந்ததைத் தனக்குச் சொல்லாமல் வானொலிக்குச் சொல்லிவிட்டார்களோ என்று நடுங்கிக்கொண்டு கேட்டாள். அவர் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தாராம். குழல் கேட்டதும் கண்ணை நம்ப முடியவில்லையாம். அவளிடம் இரண்டு தரம் மன்னிப்புக் கேட்டேன். அது என் பிழை, அதில் எனக்கு இன்றைக்கும் வெட்கம் இருக்கிறது.

அடுத்ததாக எடுத்தது தலைவர்.

“தங்கச்சி, ஆர் மோசம் போனது?”

இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னோடு இவ்வளவு மெதுவாகக் கதைத்ததில்லை. நான் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்துகொண்டேன்.

“ஒருத்தரும் இல்லை அண்ணை. ரேடியோதான் சாகக் கிடக்குது எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அதுவும் இன்னும் சாகேல்லை.”

சும்மா ஓடிக்கொண்டிருந்தது தங்கச்சி, மனுசி குசினியில் ரேடியோவைப் போட்டிருந்தவ என்றார். நான் கொடுப்புக்குள் சிரித்துக்கொண்டு, சரி அண்ணை, ஒருத்தரும் சாகவில்லை என்று அக்காவுக்குச் சொல்லுங்கோ என்று வைத்துவிட்டேன்.

வாழ்த்துப் பாட்டை நிறுத்தி ஒலிவாங்கியைத் திறந்தேன். முன்கூட்டி ஒன்றும் யோசிக்கவில்லை. மரண அறிவித்தல் வாசிக்கிற அதே குரலில், அதே நிதானத்தில் சொன்னேன்.

“ஹொல்ம்லியாவைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட உங்கள் தமிழ் வானொலி இன்னும் காலமாகவில்லை. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர்க்காரி தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். நடிகர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். நாடகம் பதினாலு நிமிடம் பிந்தித் தொடங்கியது.

அதற்குப் பிறகு தொலைபேசி ஓயவில்லை. இலக்கம் இப்போது எல்லாருடைய கைபேசியிலும் இருந்தது, அதுதான் காரணம். எங்கள் சனம் நன்றாக இருக்கிறது என்று சொல்லத் தொலைபேசி எடுக்காது. செத்தது யார் என்று கேட்க எடுக்கும், குறை சொல்ல எடுக்கும். காலை ஏழு மணிக்கு நான் சொன்ன கறிவேப்பிலை விசயம் பிழை, அந்த மாதம் வரை வெளியில் விட்டால் செடி பட்டுப்போகும் என்று ஒருவர் பின்னேரம் ஐந்தரைக்கு எடுத்துச் சண்டை பிடித்தார். பத்து மணித்தியாலமாக அதை மனதுக்குள் வைத்துப் பொருமியிருக்கிறார். வாளி தூக்குவது பற்றி இன்னொருமுறை சொல்லச் சொல்லி ஒரு பெண் கேட்டாள், முதல் முறை கேட்டபோது கையில் வாளி இருந்ததாம். எட்டாம் வகுப்புப் பாடத்தில் நோர்வேஜியம் கூடிப்போச்சு என்று ஒருவர், தமிழ் கூடிப்போச்சு என்று அவருடைய மகள். விடியற்காலையிலிருந்து கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்கு, மனச்சாட்சி பற்றிப் பேசவேண்டிய இடத்தில் தபால்காரர் ஒருவரை நட்சத்திரங்களைப் பற்றிப் பேசவைத்து, அன்றைய நாளை முடித்தேன்.

வியாழக்கிழமைக் கூட்டத்துக்குத் திறப்பையும் கொண்டுபோனேன், குறிப்பு எழுதுகிற ஒரு கொப்பியையும் கொண்டுபோனேன். ஏழு பேரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். தலைவர் என்னை நன்றாகப் புகழ்ந்தார். புகழ்ச்சி நீண்டபோதே எனக்குச் சந்தேகம் வந்தது. கடைசியில் விசயத்துக்கு வந்தார். சனம் எதற்குக் கேட்கிறது என்பது சனிக்கிழமை தெளிவாகிவிட்டது, சாவுக்குத்தான் கேட்கிறது, ஆகவே வானொலியை மூட வேண்டாம், மரண அறிவித்தலுக்கு மட்டும் அரை மணித்தியாலம் வைத்துக்கொள்வோம், மிச்சத்தை விட்டுவிடுவோம் என்றார். ஆறு தலைகளும் ஆடின.

நான் கொப்பியைத் திறந்தேன். ஸ்ரூடியோத் தொலைபேசி வந்த அழைப்புகளின் இலக்கங்களைக் காட்டும். நாலு மணிக்கும் நாலே காலுக்கும் இடையில் வந்தவற்றை எழுதியிருந்தேன். சங்கத்தின் உறுப்பினர் பட்டியலோடு ஒப்பிட்டும் பார்த்திருந்தேன். அந்த மேசையில் இருந்தவர்களில் ஐந்து பேருடைய இலக்கங்கள் அதில் இருந்தன. ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ஒருவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். மற்ற இருவரும் நிமிர்ந்து இருந்தார்கள். அவர்கள் மனைவிமாரின் கைபேசியில் எடுத்திருந்தார்கள். அந்த இலக்கங்களையும் வாசித்தேன்.

பிறகு சொன்னேன். “ஒருத்தரும் கேக்கிறேல்லை எண்டு இந்த மேசையிலை இருந்துதான் சொன்னனீங்கள். செத்தாக்களைச் சொல்ல மட்டும் ஒரு ரேடியோ எண்டால் அதுக்கு நான் வரமாட்டன். உயிரோடை இருக்கிறாக்களுக்கும் எண்டால் சனிக்கிழமை வாறன். திறப்பு என்னட்டைத்தான் இருக்குது.”

திறப்பை எல்லாரும் பார்க்கும்படி ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுக் கைப்பைக்குள் போட்டேன். சிப்பை இழுத்து மூடினேன். தலைவர் மேசையைத் தடவிக்கொண்டு, அப்ப பாப்பம் என்றார். எங்கள் சங்கத்தில் அப்படிச் சொன்னால் அந்த விசயம் இனிக் கூட்டத்துக்கு வராது. நான் தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

இப்போதும் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம் நடக்கிறது. அந்தப் புதன்கிழமைத் தாளைப் பிரித்துப் பிரித்து, கிழமைக்கு மூன்று நிகழ்ச்சியாகச் செய்கிறேன். மரண அறிவித்தலும் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் குழல் இல்லை, வெறும் குரலில் வாசிக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நடுங்கிய அந்தப் பெண்ணை நினைத்து அப்படி மாற்றினேன். குழலைச் சிறுவர் நேரத்தின் தொடக்கத்துக்குக் கொடுத்துவிட்டேன். அதுவும் ஒரு நாலைந்து கிழமை நன்றாக அறிவித்துச் சொன்ன பிறகுதான். அப்பாவுக்காக ஒலித்த குழலுக்குப் பின்னால் இப்போது பிள்ளைகள் குரங்குக் கதை கேட்கிறார்கள். அவர் இருந்திருந்தால் அதைத்தான் விரும்பியிருப்பார், அவருக்கும் என்னைப்போலக் கோபமும் சிரிப்பும் அதிகம்.

போன சனிக்கிழமை சிறுவர் நேரம் முடிய ஸ்ரூடியோத் தொலைபேசி அடித்தது. தலைவர். குழலைப் பழையபடி அறிவித்தலுக்கே போடக் கூடாதா, அது தொடங்கினால் இப்போதும் நெஞ்சு திக்கென்கிறது, பிறகு யார் செத்தது என்று பார்த்தால் குரங்கு வருகிறது, குரங்குக் கதையை முடியும்வரை கேட்டுக்கொண்டு இருக்கவேண்டி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார்.

“அப்ப கேக்கிறியள்” என்றேன்.